தீவு ட்ரிப் (படகு பத்தி மட்டும் பேசவும்)

நான்: எல்லாரும் கவனிங்க. ராத்திரி 9 மணிக்குள்ள எந்தப் படகுன்னு சொல்லணும், இல்லன்னா இடத்தை வேற யாருக்காவது குடுத்துருவாங்க. ரெண்டு படகு இருக்கு. ஒண்ணு பெரிசு, ஸ்கூபா டைவ் பண்றவங்களே 24 பேர், நிழல் இருக்கு, பாத்ரூம் இருக்கு, 3 டைவ். இன்னொண்ணு சின்ன ஸ்பீட்போட், மொத்தமே 10 பேர்தான், 2 டைவ், மதியத்துக்குள்ள கரைக்கு வந்துரலாம். நம்ம ஆளுங்க டைவ் பண்றவங்க 5, சித்தி 1, வேடிக்கை பாக்க அம்மாவும் அத்தையும். மொத்தம் 8 பேர்

சின்னு: சின்னது

திவ்யா: பெரிசு

அத்தை: பாத்ரூம் இல்லாத படகுக்கு நான் வரல

சின்னு: அம்மா நீ டைவே பண்ணலையே

அத்தை: நீங்கல்லாம் தண்ணிக்குள்ள போயிருவீங்க, படகுல உக்காந்திருக்கறது நான்தானே

தாத்தா: காலை வணக்கம் 🌹🌹

திவ்யா: தாத்தா சாயங்காலம் ஏழு ஆச்சு

பெரிய மாமா: மூணாவதா ஒண்ணு இருக்கு, அதை ஏன் யாரும் யோசிக்கல. தங்கற படகு. 3 ராத்திரி கடல்லயே. காலைல எழுந்தா நேரா குதிக்கலாம்

அம்மா: வேண்டாம் அண்ணா

பெரிய மாமா: கேளும்மா. பயப்பட ஒண்ணுமே இல்ல. 2019 செப்டம்பர்ல கலிஃபோர்னியா பக்கம் இந்த மாதிரி ஒரு படகுல ராத்திரி தீப்பிடிச்சுது, கீழ்த்தளத்துல தூங்கிட்டு இருந்த 34 பேரும் போயிட்டாங்க, ராத்திரி முழிச்சு சுத்தி வந்து பாக்கறதுக்கு ஆள் போடலங்கறது பெரிய குறையா விசாரணைல வந்துச்சு, அதனால இப்பல்லாம் நாம தெளிவா கேக்கலாம், ராத்திரி காவல் யாரு, கீழ இருந்து வெளில வர ரெண்டாவது வழி எங்க, கேமரா பேட்டரியெல்லாம் எங்க சார்ஜ் போடுவாங்க, இதெல்லாம் கேட்டுட்டு ஏறினா நிம்மதியா தூங்கலாம்

அம்மா: நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நிம்மதியா இருந்தேன்

அத்தை: இவர் இப்படித்தான் சமாதானம் சொல்லுவாரு

நான்: மாமா அது இல்ல. ஞாயிறு காலைல 6.30க்கு ஃப்ளைட். பல டைவ் பண்ணிட்டு 18 மணி நேரமாவது ஆகணும் ப்ளேன் ஏற. அப்ப சனிக்கிழமை மதியம் 12.30க்குள்ள கடைசி டைவ் முடிஞ்சாகணும்

சித்தி: ஏன் ப்ளேன்ல போகக்கூடாது

பெரிய மாமா: நல்ல கேள்வி. நாம மூச்சு விடற காத்துல பெரும்பகுதி நைட்ரஜன். தண்ணிக்கடியில 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்துல நைட்ரஜன் உடம்புல கரைஞ்சிரும், சோடா பாட்டில் மாதிரி, மூடியை சட்டுன்னு திறந்தா என்ன ஆகும், அதே மாதிரி வேகமா மேல வந்தாலோ ப்ளேன்ல ஏறினாலோ குமிழியா வெளில வரும், மூட்டு வலில ஆரம்பிச்சு பக்கவாதம் வரைக்கும் போகலாம், அதனாலதான் நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, அப்புறம் 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கணும்

சித்தி: சரி அண்ணா

பெரிய மாமா: இன்னும் முடிக்கல

பெரிய மாமா: 🎤 குரல் பதிவு 4:12

சின்னு: பெரிய படகுல மூணாவது டைவ் முடிய ரெண்டரை ஆகுமே. சனிக்கிழமைன்னா சின்னதுதான். முடிஞ்சுது பேச்சு

திவ்யா: இல்லன்னா வெள்ளிக்கிழமை பெரிசுல போலாம்

அத்தை: வெள்ளிக்கிழமை எனக்கு மசாஜ் புக் பண்ணிருக்கு

நான்: படகைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு. நான் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன். சின்னப் படகுல 4 பேருக்கு ஒரு கைடு. எல்லாரும் தண்ணில இருக்கறப்ப படகுல ஓட்டறவர் கண்டிப்பா இருப்பாரு. அவசர ஆக்சிஜன் இருக்கு, போட்டோ அனுப்பினாங்க. பெரிய படகுல "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்"னு மட்டும் பதில் வந்துச்சு

சித்தி: ஆக்சிஜன் முதுகுலயே மாட்டிவிடுவாங்களே

கார்த்தி: அது ஆக்சிஜன் இல்ல சித்தி, சாதாக் காத்து, அழுத்தி அடைச்சது. ஆக்சிஜன் படகுல தனியா இருக்கணும், யாருக்காவது முடியலன்னா குடுக்க

சித்தி: இத்தனை நாளா எல்லாரும் ஆக்சிஜன் சிலிண்டர்னுதானே சொல்றாங்க

நான்: அப்புறம் ஆள் எண்ற விஷயம். சின்னப் படகுல பேர் சொல்லிக் கூப்பிட்டு டிக் போடறாங்களாம். பெரிசுல தலை எண்ணுவோம்னாங்க

பெரிய மாமா: இது ரொம்ப முக்கியம். 1998 ஜனவரில ஆஸ்திரேலியா கிரேட் பேரியர் ரீஃப்ல ஒரு அமெரிக்கத் தம்பதியை கடல்லயே விட்டுட்டு படகு வந்துருச்சு. எண்ணிக்கை தப்பு. ஆளைக் காணோம்னு தெரியவே ரெண்டு நாள் ஆச்சு. அவங்க கிடைக்கவே இல்ல. எண்றதுல அலட்சியம் இருக்கே, அது மன்னிக்க முடியாதது

சித்தி: அப்படியா அண்ணா

அம்மா: 🙈

சித்தி: எண்றதுல அலட்சியமா

திவ்யா: ஆரம்பிச்சாச்சு

சித்தி: பதினோரு பேரும் ஏறியாச்சுன்னு ரயில்ல நின்னு சத்தமா சொன்னது யாரு, பிளாட்ஃபார்ம்ல தண்ணி பாட்டிலோட நின்னது யாரு

பெரிய மாமா: எதிர் சீட்டுப் பையனைச் சேத்து எண்ணிட்டேன்மா. முப்பது வருஷமா இதே கதை. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி வந்தேனா இல்லையா

சித்தி: ரெண்டாவது ஸ்டேஷன். முதல் ஸ்டேஷன்ல தூங்கிட்டீங்க

தாத்தா: அவன் அப்பவே அப்படித்தான்

நான்: எல்லாரும் கொஞ்சம் படகுக்கு வாங்க. இன்னொரு பிரச்னை. டைவ் ஜோடி ஜோடியாத்தான். நாம அஞ்சு பேர். ஒருத்தருக்கு மட்டும் தெரியாதவங்கதான் ஜோடியா வருவாங்க. யாருக்கு ஓகே

சின்னு: எனக்கு ஓகே

திவ்யா: நான் போறேன்

கார்த்தி: நான் கூட ரெடி

நான்: என்ன எல்லாரும் முந்தறீங்க, போன வருஷம் தெரியாத ஆளு வேண்டவே வேண்டாம்னு குதிச்சீங்களே

திவ்யா: ஆமா, அந்த 100 டைவ்காரர். 100 டைவ் பண்ணிருக்கேன்னு கரையிலிருந்து சொல்லிட்டே வந்தாரு, சிலிண்டரை முன்பக்கம் பின்பக்கம் மாத்தி மாட்டினாரு, 20 நிமிஷத்துல சிலிண்டர் அழுத்தம் 50 பாருக்கு, அதாவது மேல போக வேண்டிய அளவுக்கு வந்துருச்சு, அவரோட சேந்து நானும் மேல

சின்னு: எனக்கு வந்தவர் கேமராவோட வந்தாரு. அவருக்கு ஜோடி கேமராதான், நான் இல்ல. ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல

கார்த்தி: என்னோடதுதான் பெஸ்ட். முதல் மீனைப் பாத்ததும் சந்தோஷத்துல 👍 காட்டினாரு. தண்ணிக்கடியில அதுக்கு "மேல போலாம்"னு அர்த்தம், ஓகேன்னா 👌 தான். எனக்குப் பதறிருச்சு. நிஜமாவான்னு கேட்டா திரும்பவும் 👍. ஒருத்தர் மேலன்னு சொன்னா காரணம் கேக்காமப் போகணுங்கறது ரூல். 5 மீட்டர்ல 3 நிமிஷம் நின்னு மேல வந்தா, "நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் சார் அதுக்குள்ள முடிச்சிட்டீங்க"ன்னு என்னைக் கேக்கறாரு

அம்மா: 👍😂

சின்னு: அத்தை மேல போறாங்க

நான்: அதனாலதான் சொல்றேன், யாரு தெரியாதவங்க கூடப் போனாலும் குதிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு நிமிஷம் நின்னு பேசிருங்க. சைகை என்னென்ன, காத்து எவ்ளோல சொல்லணும், வெயிட் பெல்ட் எப்படிக் கழட்டறது, ஆக்டோபஸ் எங்க இருக்கு. கூச்சப்படாதீங்க, மேல வந்தப்புறம் மூஞ்சிகூட ஞாபகம் இருக்காது, ஆனா கீழ உங்க காத்து தீந்தா அவங்கதான்

சித்தி: ஆக்டோபஸ் இருக்கா?? யாரும் சொல்லவே இல்ல

நான்: சித்தி அது மீன் இல்ல, உங்ககிட்ட இருக்கற ஸ்பேர் மவுத்பீஸ், மஞ்சள் ஹோஸ்ல தொங்கும்

பெரிய மாமா: உயிரியல்படி நிஜ ஆக்டோபஸும் மீன் இல்ல

பெரிய மாமா: சரி, என் ஜோடி யாருன்னு முடிவாச்சா

நான்:

திவ்யா: நெட்வொர்க் சரியில்ல

சின்னு: அப்பா எனக்குத் தெரியாதவங்களே பழகிருச்சு

பெரிய மாமா: புரியுது

அம்மா: ஏன்டா அவரை இப்படி

சின்னு: அத்தை உங்களுக்குத் தெரியாது. அப்பாகிட்ட தண்ணிக்கடியில எழுதற ஸ்லேட் இருக்கு. போன தடவை என்னை நிறுத்தி வச்சு பவளம் எப்படி வளருதுன்னு எழுதறாரு, நான் படிக்கறேன், அழிக்கறாரு, திரும்ப எழுதறாரு. நாலாவது ஸ்லேட்ல கடைசி வரி "உன் பின்னாடி ஆமை"

திவ்யா: 😂😂😂

பெரிய மாமா: முதல்ல பின்னணி தெரியணும்ல

நான்: மாமா கோச்சுக்காதீங்க. நீங்க கடைசியா இறங்கினது 2017. கரைல ஒரு ரிஃப்ரெஷர், மறந்ததைத் திரும்பப் பழகற க்ளாஸ், எடுத்துட்டு வந்தா நானே ஜோடியா வரேன், கார்த்தி தெரியாதவங்களோட போகட்டும். ஸ்லேட் படகுலயே இருக்கணும்

அத்தை: மீசையைப் பத்தியும் சொல்லு

பெரிய மாமா: மீசைக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்

கார்த்தி: மாஸ்க்ல தண்ணி ஏறுமே மாமா. மூக்குக்குக் கீழ மேல்பக்கம் மட்டும் ஒரு கோடு மாதிரி ஷேவ் பண்ணா போதும், ரப்பர் தோல்ல ஒட்டிக்கும்

பெரிய மாமா: கல்யாணத்துக்கே எடுக்கல

அத்தை: நான் கேட்டப்ப எடுக்காததை மீனுக்காக எடுக்கறாராம், பாக்கலாம்

தாத்தா: எனக்கும் மீசை உண்டு

அம்மா: ஆமா அப்பா

நான்: சித்தி உங்க ஃபார்ம் வந்துச்சா. நீங்க பண்றது ட்ரையல் டைவ், 12 மீட்டர்தான் அதிகபட்சம், இன்ஸ்ட்ரக்டர் கூடவே பிடிச்சிட்டு இருப்பாரு, ஆனா ஹெல்த் கேள்வியெல்லாம் ஒழுங்கா நிரப்பணும்

சித்தி: எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டு அனுப்பிட்டேன்

அம்மா: ஆஸ்துமா?

சித்தி: அது சின்ன வயசுல

அம்மா: போன மாசம் இன்ஹேலர் வாங்கித் தரச் சொன்னியே

சித்தி: இதைக் குரூப்ல சொல்லணுமா

நான்: சித்தி ப்ளீஸ், வேற ஃபார்ம் கேக்கறேன், உண்மையைப் போடுங்க. ஆமான்னு வந்தா டாக்டர் பாத்து எழுதித் தரணும், அவர் வேண்டாம்னா வேண்டாம். நெஞ்சுல காத்து மாட்டிக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும், விளையாட்டு இல்ல

சித்தி: திரும்பவும் நான் மட்டும் பிளாட்ஃபார்ம்லயா

பெரிய மாமா: அப்படி நடந்தா நானும் இறங்கல. உன்கூட மேல ஸ்நோர்கல் போட்டுட்டு மிதக்கறேன்

சித்தி: ஸ்லேட் கொண்டு வருவீங்களா

பெரிய மாமா: சின்னது

சித்தி: யோசிச்சு சொல்றேன்

திவ்யா: அப்ப நாலு பேர்தான் டைவ். தெரியாத ஆளே வேண்டாம். ஜோடி பிரச்னையே இல்ல

கார்த்தி: டாக்டர் ஓகே சொல்லிட்டா திரும்ப அஞ்சு

அத்தை: படகு குலுங்கினா எனக்கு வாந்தி வரும், அதுக்கு ஏதாவது

நான்: மாத்திரையைக் கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும் அத்தை, குமட்டல் வந்தப்புறம் பிரயோஜனம் இல்ல. புகை வராத பக்கமா நடுவுல உக்காந்து தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பாத்துட்டு இருங்க. டைவ் பண்றவங்க மட்டும் தூக்கம் வர்ற மாத்திரை போடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க

அத்தை: பாத்ரூம் இல்லாம வாந்தி எங்க

சின்னு: கடல் இவ்ளோ பெரிசா இருக்கும்மா

திவ்யா: பவளத்துக்கு ஆகாத சன்ஸ்க்ரீன் எடுத்துட்டு வராதீங்க, பலாவ்னு ஒரு தீவு நாட்டுல 2020லயே தடை பண்ணிட்டாங்க, ஹவாய்ல 2021ல. நம்ம தீவுல செக் பண்ணாட்டியும் நாமளா தவிர்க்கலாம்

அத்தை: அப்ப கருத்துப் போயிருவேனே

அம்மா: முழுக்கை போட்டுக்கலாம் அண்ணி

நான்: மணி 9.05. இடத்தைப் பிடிச்சு வைக்கச் சொல்லி கெஞ்சியாச்சு, காலைல 8 மணி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. இப்போதைக்கு சனிக்கிழமை சின்னப் படகு, 8 பேர். சித்தி டாக்டர் சொல்றதப் பொறுத்து. அத்தை பாத்ரூம் விஷயம் நாளைக்கு. மாமா ரிஃப்ரெஷர். எல்லாருக்கும் ஓகேவா

சின்னு: 👌

திவ்யா: 👌 ஆனா எனக்குப் பெரிசுதான் பிடிச்சிருந்துச்சு

அத்தை: சரின்னு சொல்லல, பாக்கலாம்

பெரிய மாமா: 👍

கார்த்தி: மாமா மேல போறாரு

தாத்தா: நான் எந்தப் படகு

நான்: தாத்தா நீங்களும் படகுக்கு வரீங்களா??

தாத்தா: நீதானேம்மா எனக்கும் டிக்கெட் போட்ட

அம்மா: அய்யோ அப்பா

சித்தி: மொத்தம் 8 பேர்னு எண்ணினது யாரும்மா

பெரிய மாமா: 👌