பேதுருவின் இடுப்புக்குப் பட்டயம் எப்படி வந்தது?

மேட்டூர் கெண்டை:
நேற்று அஸ்தம்பட்டிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: “வேதத்தைத் தினமும் வாசிக்கிறவன் கை ஓங்கமாட்டான், அடுத்தவன் பொருளைத் தொடமாட்டான்.” படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பைபிளில் வரும் பேதுரு வாசித்தவன்கூட இல்லை, இயேசுவின் சீஷன், நேரில் கேட்டவன். இயேசுவோடேயே சாப்பிட்டு, அவர் பக்கத்திலேயே தூங்கினவன். அவனே, இயேசுவைப் பிடிக்க வந்த ராத்திரி, கெத்செமனே தோட்டத்தில் பட்டயத்தை உருவிப் பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் வலது காதை வெட்டினான். அவன் இடுப்புக்குப் பட்டயம் எப்படி வந்தது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம்.

அஸ்தம்பட்டிக்காரன்:
அண்ணே, கதையைப் பாதியில் நிறுத்தினால் எப்படி? “உன் பட்டயத்தைத் திரும்ப அதின் உறையிலே போடு” என்று அடுத்த நொடியே கண்டித்தார். வெட்டுப்பட்ட காதைத் தொட்டுச் சுகமாக்கினார், லூக்கா எழுதியிருக்கிறார். அதுவும் தம்மைப் பிடிக்க வந்தவனுக்கு! அதே பேதுரு பிற்பாடு நிருபத்தில், இயேசு வையப்பட்டபோது பதில் வையாமல் இருந்தார், நீங்களும் அப்படி இருங்கள் என்று எழுதுகிறார். ஆள் மாறினாரா இல்லையா?

மேட்டூர் கெண்டை:
மாறினது அப்புறம். நான் கேட்டது அதற்கு முன்னால். பட்டயம் எப்படி வந்தது?

சூரமங்கலம் டீச்சர்:
பேதுரு மீன் பிடிக்கிறவர்தானே. மீன் நறுக்குகிற கத்தியாக இருந்திருக்கும். இதற்கு ஏன் இவ்வளவு சத்தம்?

மேட்டூர் கெண்டை:
டீச்சர், உங்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் மீன் விஷயத்தில் என்னிடம் வராதீர்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து மேட்டூர் அணை மீனை சேலத்தில் விற்கிறோம். கட்லாவோ ரோகுவோ, செதிலைத் தேய்க்க ஒரு தகடு, வயிற்றைக் கீறச் சின்னக் கத்தி, தலையைத் துண்டாக்க மரக்கட்டையும் வெட்டுக்கத்தியும். மூன்றும் கட்டையடியில்தான் கிடக்கும். வியாபாரம் முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். ராத்திரி ஜெபத்துக்கு இடுப்பில் செருகிக்கொண்டு போகிற மீன்காரனை நான் பார்த்ததில்லை. அதோடு வலது காது. எதிரே நிற்கிறவனின் வலது காது வலக்கைக்காரனுக்குச் சுலபத்தில் வாகாக வராது. ஒன்று பின்னாலிருந்து வீசியிருக்கிறான், இல்லை தலைக்குக் குறிவைத்துத் தவறியிருக்கிறான். இரண்டில் எது உங்களுக்குச் சாந்தமாகத் தெரிகிறது?

அரிசிப்பாளையம் பெரியவர்:
தம்பிகளா, இதையெல்லாம் திருச்சபை எப்போதோ பேசி முடித்துவிட்டது. இராயப்பரிடமிருந்து, அதாவது நீங்கள் சொல்கிற பேதுருவிடமிருந்து, வாளை வாங்கியபோதே ஆண்டவர் எல்லாப் படைவீரரின் ஆயுதத்தையும் களைந்துவிட்டார் என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதிவிட்டார். 295-ல் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற 21 வயதுப் பையன், நான் கிறிஸ்தவன், பட்டாளத்தில் சேரமாட்டேன் என்று சொல்லித் தலையைக் கொடுத்தான். சேலம் மறைமாவட்டம் தொடங்கினது 1930. அந்தக் காலத்து மறைக்கல்வி நோட்டைப் புரட்டியிருந்தாலே இந்தக் கேள்வி வந்திருக்காது.

அஸ்தம்பட்டிக்காரன்:
பெரியவரே, 1095-ல் சிலுவைப் போருக்கு ஆள் கூப்பிட்டதும் உங்கள் போப்தானே? அதையும் அந்த நோட்டில் எழுதியிருக்கிறார்களா?

அரிசிப்பாளையம் பெரியவர்:
ஆரம்பித்துவிட்டீர்களா. உங்கள் சபை அன்றைக்குப் பிறக்கவே இல்லை. பிறக்காதவன் பாவம் செய்யவில்லை என்று பெருமை வேறு.

மேட்டூர் கெண்டை:
நீங்கள் இருவரும் அப்புறம் அடித்துக்கொள்ளுங்கள். நானே சொல்கிறேன் பட்டயம் எப்படி வந்தது என்று. லூக்கா 22. “பட்டயம் இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்று ஒரு பட்டயத்தைக் கொள்ளக்கடவன்.” சொன்னது யார்? சீஷர்கள் இரண்டு பட்டயத்தைக் காட்டுகிறார்கள். அவர் போதும் என்கிறார். அதில் ஒன்றுதான் காதை வெட்டியது. இந்த வசனத்தைப் பிரசங்கத்தில் கேட்டவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
நடுவில் 37-ஆம் வசனத்தை ஏன் விழுங்கினீர்கள்? அக்கிரமக்காரரில் ஒருவனாக எண்ணப்பட்டார் என்று ஏசாயா எழுதினது நிறைவேறவேண்டும் என்று காரணத்தையும் அவரே சொல்கிறார். பதினோரு பேருக்கு இரண்டு பட்டயம். சண்டைக்குப் போகிறவன் இதைப் போதும் என்பானா?

மேட்டூர் கெண்டை:
ஓ, சும்மா காட்டுவதற்கா? அப்படியென்றால் காட்டுவதற்கு வாங்கின பட்டயத்தில் சாணை எதற்குப் பிடித்தார்கள்? மழுங்கின கத்தியால் காது அறுபடாது. என்னைக் கேளுங்கள்.

சூரமங்கலம் டீச்சர்:
வெட்டினதையே எத்தனை தடவை சொல்வீர்கள்? 1999-ல் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு பிள்ளைகளையும் ஜீப்பில் வைத்துக் கொளுத்தினார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்தார். தொழுநோயாளிகளுக்குச் செய்த ஊழியத்தையும் விடவில்லை. அந்த அம்மாளுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? மலைப்பிரசங்கத்திலிருந்து வராமல் வேறு எங்கிருந்து?

மேட்டூர் கெண்டை:
அந்த அம்மாளைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். அவர் பட்டயம் வைத்திருக்கவில்லை. பேதுரு வைத்திருந்தான்.

ஏற்காடு களத்துமேடு:
நானும் ஒன்று கேட்கலாமா? அடுத்தவன் பொருளைத் தொடமாட்டான் என்று எழுதின அஸ்தம்பட்டித் தம்பிக்கு. போன டிசம்பரில் உங்கள் கேரல் ரவுண்ட்ஸ் வேன் மலைக்கு வந்தது. ராத்திரி திருப்புவதற்கு இடம் இல்லை என்று நேராக எங்கள் களத்தில் ஏற்றினார்கள். காப்பிப் பழம் பரப்பியிருந்தது, பாதி காய்ந்திருந்தது. விடிந்து பார்த்தால் நடுக்களத்தில் இரண்டு டயர் தடம், தோல் பிதுங்கிக் கொட்டை நசுங்கிக் கிடக்கிறது. பைபிளில் வரிவசூல்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். எனக்கு ஓரத்தனைகூட வரவில்லை.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஐயா, இது இங்கே பேசுகிற விஷயமே இல்லை. வேன் வாடகைக்கு எடுத்தது. டிரைவர் வெளியாள்.

மேட்டூர் கெண்டை:
ஏன் இல்லை? அப்படிப் போடுங்கள் அண்ணே! வசனத்தைப் பாடிக்கொண்டே வந்து பழத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இனி பேதுருவை விட்டுவிட்டாலும் எனக்குச் சம்மதம். விடமாட்டேன், அது வேறு.

அரிசிப்பாளையம் பெரியவர்:
எங்கள் பங்கில் கேரலுக்கு நடந்துதான் போவோம்.

அஸ்தம்பட்டிக்காரன்:
பெரியவரே, ஏற்காட்டுக்கு நடந்து போய்க் காட்டுங்கள், பார்க்கலாம். ஐயா, நஷ்டம் என்றால் அன்றைக்கே எங்கள் பொருளாளரிடம் சொல்லியிருக்கவேண்டும். எல்லார் முன்னாலும் எழுதி மானத்தை வாங்குவது முறையா? நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வண்டி எதில் ஏறியது என்றே எனக்குத் தெரியாது.

ஏற்காடு களத்துமேடு:
பின் சீட்டிலிருந்து இறங்கி வந்தவர்தான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஒன்றும் ஆகவில்லை ஐயா, காலையில் அள்ளிப் போட்டால் சரியாகிவிடும்” என்றார்.