லேனில் உள்ள கணினிகளின் கடிகாரங்களை 50 மைக்ரோநொடிக்குள் ஒத்துப்போக வைக்க பிடிபி சுவிட்ச் தேவையா?

நொடிமுள்:
ஒரே ஜிகாபிட் சுவிட்ச்சில் ஆறு டெபியன் கணினிகள். இணைய இணைப்பு கிடையாது. ஐந்து கணினிகள் சென்சார் தரவை டைம்ஸ்டாம்ப்போடு பதிவுசெய்து ஆறாவதற்கு அனுப்புகின்றன. அந்த ஆறாவதுதான் இப்போதைக்கு டைம் சர்வரும். மற்றவற்றில் நேரத்தைச் சரிசெய்யும் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி ஓடுகிறது. சில மில்லிநொடி வித்தியாசம் வருவதால் நிகழ்வுகள் முன்பின்னாக விழுகின்றன. 50 மைக்ரோநொடிக்குள் இருந்தால் போதும். பிடிபி (நெட்வொர்க் வழியே கடிகாரங்களை மிகத் துல்லியமாக ஒத்திசைக்கும் முறை) தெரிந்த சுவிட்ச் வாங்கித்தான் ஆகணுமா?

கம்பிவலை:
வேண்டாம். டைம்சிங்க்டி ஒரு எளிய எஸ்என்டிபி (நெட்வொர்க்கில் நேரம் கேட்டு வாங்கும் என்டிபியின் எளிய வடிவம்) கிளையன்ட். இயல்பாக 32 நொடியில் தொடங்கி 2048 நொடி வரை இடைவெளி விட்டுத்தான் சர்வரைக் கேட்கும். அறை வெப்பம் மாறி கடிகாரக் கிரிஸ்டல் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிசகினாலே 2048 நொடியில் 2 மில்லிநொடி போய்விடும்.

எல்லாவற்றிலும் க்ரோனி என்ற என்டிபி மென்பொருளைப் போடுங்கள். சர்வரில், வெளி நேரம் இல்லாமலே தன் கடிகாரத்தைத் தர, 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10' வரியும், உங்கள் சப்நெட்டுக்கு 'அலவ்' வரியும். கிளையன்ட்களின் சர்வர் வரியில் ஐபர்ஸ்ட், எக்ஸ்லீவ், மின்போல் 0, மேக்ஸ்போல் 0. இந்த எண்கள், கேட்கும் இடைவெளியை இரண்டின் அடுக்காகச் சொல்பவை. 0 என்றால் நொடிக்கொரு முறை. (பொது டைம் சர்வர்களிடம் இப்படிக் கேட்காதீர்கள், தடுத்துவிடுவார்கள்.) பாக்கெட் கிளம்பிய சரியான நேரம், அது கிளம்பிய பிறகுதான் சர்வருக்கே தெரியும். எக்ஸ்லீவ் இருந்தால் அதை அடுத்த பதிலில் சேர்த்து அனுப்பும்.

இவ்வளவு செய்தாலே, சும்மா இருக்கும் லேனில் சில பத்து மைக்ரோநொடிக்குள் வந்துவிடும். கார்டு இடம் கொடுத்தால் பாக்கெட்டின் நேரத்தை நெட்வொர்க் கார்டே குறிக்க, இரண்டு பக்கமும் 'எச்டபிள்யூடைம்ஸ்டாம்ப்' வரியும் சேருங்கள்.

பொதிகை:
அந்த "கார்டு இடம் கொடுத்தால்" என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கார்டின் வசதிகளைக் காட்டும் ஈத்டூலைப் பெரிய எழுத்து 'டி' ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். ஹார்டுவேர் வசதி இருக்கிறது என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். கீழே ரிசீவ் ஃபில்டர் பட்டியலில் 'ஆல்' இருக்கிறதா பாருங்கள். பிடிபி பாக்கெட்டுக்கு மட்டும் முத்திரை குத்தும் கார்டுகள் நிறைய. அவற்றில் என்டிபி பாக்கெட் உள்ளே வரும்போது கெர்னல் (மென்பொருள்) குறித்த நேரம்தான் கிடைக்கும். இன்டெல் ஐ210 எல்லாப் பாக்கெட்டுக்கும் குத்தும். 'க்ரோனிசி என்டிபிடேட்டா' வெளியீட்டில் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது) இரண்டுக்கும் 'ஹார்டுவேர்' என்று வரணும்.

ஆனால் உங்கள் அமைப்பில் பெரிய சிக்கல் வேறு. தரவைச் சேகரிக்கும் கணினியே டைம் சர்வராக இருக்கக் கூடாது. ஐந்து பேரும் ஒரே போர்ட்டை நோக்கித் தள்ளினால் சுவிட்ச்சில் அந்த ஒரு திசையில் மட்டும் வரிசை கட்டும். ஜிகாபிட்டில் முழு அளவு ஃபிரேம் ஒன்றுக்குச் சுமார் 12 மைக்ரோநொடி. முன்னால் பத்து ஃபிரேம் நின்றால் 120. போகவும் வரவும் ஒரே தாமதம் என்பது என்டிபியின் அனுமானம், அதனால் வித்தியாசத்தில் பாதி, அதாவது 60 மைக்ரோநொடி, அப்படியே பிழையாகிவிடும். தாமதம் கூடிய மாதிரிகளுக்கு க்ரோனி மதிப்பைக் குறைக்கும்தான், ஆனால் சுமை விடாமல் இருந்தால் அதற்கும் நல்ல மாதிரி கிடைக்காது.

இன்னொன்று: 'க்ரோனிசி ட்ராக்கிங்' காட்டும் ஆஃப்செட்டில் (கடிகார வித்தியாசத்தில்) இந்தப் பிழை தெரியவே தெரியாது. 200 நானோநொடி என்று காட்டிக்கொண்டே 60 மைக்ரோநொடி தள்ளி நிற்கும்.

நொடிமுள்:
சர்வரை வேறு கணினிக்கு மாற்றிவிடலாம். இன்னொரு சர்வரையும் காப்புக்கு வைக்கலாமா?

கம்பிவலை:
தனித்தனியாக ஓடும் இரண்டு சர்வர் வேண்டாம். இரண்டும் விலகினால் எது சரி என்று கிளையன்ட்டால் முடிவு செய்ய முடியாது. 'லோக்கல்' வரியில் 'ஆர்ஃபன்' சேர்த்து, இரண்டு சர்வர்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி அமைத்தால் ஒன்று தலைமை ஏற்கும், மற்றது பின்தொடரும்.

சுவிட்ச்சில் கியூஓஎஸ் (சில பாக்கெட்டுகளை முந்தவிடும் வசதி) இருந்தால் க்ரோனியில் 'டிஎஸ்சிபி 46' கொடுத்து என்டிபிக்கு முன்னுரிமை வாங்கலாம். ஈதர்நெட்டின் மின்சேமிப்பு வசதியான இஇஇ-யை அணைத்துவிடுங்கள். லிங்க் தூங்கி எழும் நேரமும் தாமதத்தில் சேரும்.

பொதிகை:
பின்னால் ஒரு மைக்ரோநொடிக்குக் கீழே தேவைப்பட்டு பிடிபிக்குப் போனாலும், சாதா சுவிட்ச்சில் பிடிபி4எல் (லினக்ஸின் பிடிபி மென்பொருள்) ஓட்டினால் அதே வரிசைத் தாமதம்தான். பவுண்டரி கிளாக்காகவோ (தானே நேரம் வாங்கி மற்றவற்றுக்குத் தருவது) டிரான்ஸ்பரண்ட் கிளாக்காகவோ (பாக்கெட் தன்னுள் தங்கிய நேரத்தைக் கணக்கில் சேர்ப்பது) இயங்கும் சுவிட்ச் இருந்தால்தான் பயன். அப்போது கார்டின் கடிகார நேரத்தைச் சிஸ்டத்துக்குக் கொண்டுவரும் பிஎச்சி2சிஸ்ஸும் க்ரோனியும் ஒரே சிஸ்டம் கடிகாரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் சரியாக 37 நொடி என்று வந்தால் பதற வேண்டாம். டிஏஐ (அணுக்கடிகார நேரம்), யூடிசி (உலகப் பொது நேரம்) இடையிலான லீப் நொடிக் கணக்கை ஒரு பக்கம் கழிக்காமல் விட்டிருப்பீர்கள்.