டர்க்கி (வான்கோழி) வெந்துடுச்சான்னு எப்படிப் பார்க்கிறது? அவசரம்!

புது_டெக்சாஸ்: யாராவது இருக்கீங்களா? இன்னிக்கு தேங்க்ஸ்கிவிங், அமெரிக்காவுல டர்க்கி சமைச்சுக் கொண்டாடுற பண்டிகை. வீட்டுக்காரரோட மேனேஜர் குடும்பம் அஞ்சு மணிக்குச் சாப்பிட வர்றாங்க. டர்க்கியை ஓவன்ல வெச்சு ரெண்டு மணி நேரமாச்சு. மேல நல்லா செவந்துடுச்சு, ஆனா குத்தினா ரோஸ் கலர்ல தண்ணி வருது. எடுத்துடலாமா?

ஜெர்சி_அண்ணாச்சி: மஞ்சள், கல்லுப்பு போட்டு நாலு தண்ணி கழுவினீங்களா? அதான் முக்கியம்.

ஒஹாயோ_மாமி: கழுவவே கூடாது! சிங்க்ல தெறிச்சு பக்கத்துல இருக்கிற சாலட் வரைக்கும் கிருமி போகும். இங்க விவசாயத் துறையே கழுவாதீங்கன்னுதான் சொல்றாங்க.

ஜெர்சி_அண்ணாச்சி: எங்கம்மா கழுவாம எதையும் அடுப்புல ஏத்தினதில்ல. 2009ல நான் வந்தப்ப ஓவனுக்குள்ள பாத்திரம்தான் அடுக்கி வெச்சிருந்தேன். கார் கிடையாது, பனியில அரிசி மூட்டையத் தூக்கிட்டு நடந்திருக்கேன்.

சிகாகோ_குளிர்: எங்க வீட்டு ஸ்மோக் அலாரம் கடுகு தாளிச்சாலே அலறும். ஒரு தடவை தீயணைப்பு வண்டியே வந்து நின்னுச்சு.

பே_ஏரியா: ருசியே இல்லாத கறி. ரெண்டு கோழி வாங்கி பிரியாணி போட்டிருக்கலாம்.

புது_டெக்சாஸ்: மணி மூணு ஆகுதுங்க...

ஒஹாயோ_மாமி: எத்தனை பவுண்டும்மா? ஐஸ் முழுசா விட்டுச்சா?

புது_டெக்சாஸ்: 13 பவுண்டு. நேத்து காலைல ஃப்ரீசர்ல இருந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்தினேன். வயித்துக்குள்ள கொஞ்சம் ஐஸ் இருந்துச்சு. ஓவன் 325 ஃபாரன்ஹீட்.

ஒஹாயோ_மாமி: நாலஞ்சு பவுண்டுக்கு ஒரு நாள் ஃப்ரிட்ஜுல இருக்கணும். உனக்கு மூணு நாள் வேணும். பரவாயில்ல, வேகும், நேரம்தான் இழுக்கும். நிறத்தையும் தண்ணியையும் நம்பாத. தெர்மாமீட்டரை தொடையோட உட்பக்கம், நெஞ்சுல சதை தடியா இருக்கிற இடம், இறக்கை மூணுலயும் குத்து. எலும்புல படக்கூடாது. மூணும் 165 ஃபாரன்ஹீட் தொடணும். மேல கருகுனா ஃபாயில் போட்டு மூடு. ஈரலைப் போட்டு வயித்துக்குள்ள வெச்சு விக்கிற பையை எடுத்தியா?

புது_டெக்சாஸ்: எந்தப் பை?

ஒஹாயோ_மாமி: அய்யோ. இடுக்கி வெச்சு எடுத்துப் பாரு. பேப்பர்னா கவலையில்ல. பிளாஸ்டிக் உருகியிருந்தா டர்க்கியவே தூக்கிப் போட்டுடணும்.

புது_டெக்சாஸ்: பேப்பர்தான் மாமி! தொடை 128 காட்டுது.

ஒஹாயோ_மாமி: அப்ப இன்னும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகலாம். அரை மணிக்கு ஒரு தடவை பாரு. வெளிய எடுத்து இருபது நிமிஷம் ஆறவிட்டு வெட்டு. சாப்பாடு ஆறு மணிக்குன்னு சொல்லிடு, அதுவரைக்கும் வடை போட்டுக் கொடு.

சிகாகோ_குளிர்: வடை சுடும்போது ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க.