மங்கிய உள்ளறையில் மனிதர்கள்: ‘மெய்ப்பாட்டு நிறம்’ என்ற சொல் பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

பொருளின் சொந்த நிறத்தை விட்டுவிட்டு, உணர்வுக்காக ஓவியர் இடும் நிறத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை ‘வெளிப்பாட்டு நிறம்’, ‘உணர்ச்சி நிறம்’ என்ற இரண்டு சொற்கள் வந்துள்ளன. இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதலாவது, ‘வெளிப்பாட்டியம்’ (Expressionism) என்ற இருபதாம் நூற்றாண்டு கலை இயக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். இந்த உத்தியோ அதற்கு மூத்தது. இரண்டாவதில், யாருடைய உணர்ச்சி என்பதே விளங்கவில்லை. ‘மெய்ப்பாட்டு நிறம்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

டச்சு ஓவியர் வான் கோவின் இரண்டு ஓவியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1885-இல் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’ ஓவியத்தில், ஒரே விளக்கின் கீழ் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் முழுக்க மண் நிறம். உழைப்பும் களைப்பும் முகங்களிலும் முடிச்சு விழுந்த விரல்களிலும் தெரிகின்றன. 1888 செப்டம்பரில் பிரான்சின் ஆர்ல் நகரில் வரைந்த ‘இரவுக் காப்பிக்கடை’யில் சிலர் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறார்கள், முகத்தைப் பார்க்கவே முடியாது. சுவர் ரத்தச் சிவப்பு, கூரை பச்சை. மனிதரின் கொடிய வேட்கைகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்ல முயன்றதாகத் தம்பி தியோவுக்கு அவர் எழுதினார். முகம் காட்ட வேண்டியதை அங்கே சுவர் காட்டுகிறது. 1890களில் பிரெஞ்சு ஓவியர் எதுவார் வுய்யார் வரைந்த அறைகளும் அப்படித்தான். தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் முகம் பல படங்களில் வெறும் நிறத்திட்டு.

தொல்காப்பியம் நகை முதல் உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளத்தில் எழுவது உடம்பில் புலப்பட்டு, பார்ப்பவருக்குத் தெரிவதே மெய்ப்பாடு. ‘மெய் என்றால் உடம்பு, சுவருக்கு ஏது மெய்?’ என்று சிலர் கேட்கலாம். சரியான கேள்விதான். மங்கிய அறையில் உடம்பின் குறிப்புகள் இருளில் கரைந்துபோகின்றன. அந்த வேலையை நிறம் எடுத்துக்கொள்கிறது. அந்த இடப்பெயர்ச்சியையே இந்தச் சொல் பிடித்துவைக்கிறது என்று நினைக்கிறேன்.

கண்ணின் இயல்பும் இதற்குத் துணை. வெளிச்சம் நன்றாகக் குறையும்போது சிவப்பு சீக்கிரம் கறுத்துவிடும். நீலமும் நீலப்பச்சையும் அதைவிடத் துலக்கமாகத் தெரியும். இதைப் புர்க்கின்யே விளைவு என்கிறோம். ஆகவே இருண்ட மூலையில் ஓர் ஓவியர் சிவப்பை எரியவிட்டால், அது பெரும்பாலும் கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தது ஆகாது. அவர் தேர்ந்தெடுத்த நிறம் அது.

வெளிச்சத்தையும் இருளையும் எதிரெதிரே வைத்து வரையும் உத்தியைக் குறிக்கும் ‘ஒளிநிழல்’ (chiaroscuro) என்ற சொல்லே போதுமே என்பாருக்கு ஒரு சோதனை. பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் த லா தூரின் மெழுகுவர்த்திப் படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், பெரும்பகுதி நிற்கும். காப்பிக்கடையை மாற்றினால் அதன் சூடே போய்விடும். ஒளிநிழல் வெளிச்ச அளவைப் பற்றியது. நாம் பெயர் தேடுவது நிறத்துக்கு.

அப்புறம் இரண்டு சிறு முன்மொழிவுகள். பொருளின் சொந்த நிறத்துக்குத் ‘தன்னிறம்’ வைக்கலாம்; எதிர்ச்சொல் இருந்தால் மெய்ப்பாட்டு நிறத்தை விளக்குவது எளிது. அறைக்குள் நிகழும் காட்சிக்கு ‘அக ஓவியம்’ வேண்டாம், அகத்திணையோடு குழம்பும். ‘உள்ளறை ஓவியம்’ போதும். ‘நிறம்’ இருக்குமிடத்தில் ‘வண்ணம்’ வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். ‘வண்ணம்’ என்ற சொல்லை, குழைத்துப் பூசும் பொருளுக்கென விட்டுவைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.