ஒஸ்லோவில கொண்டக்டர் இல்லையாம், தனிய எப்பிடித் திரியிறது?

வேலணையான்:
வணக்கம். எனக்கு 69 வயது, பென்சன்காரன், இப்ப யாழ்ப்பாண ரவுணில இருக்கிறன். வாற வைகாசி மனிசியோட ஒஸ்லோ போறன், மகளுக்குப் பிள்ளைப்பேறு. மூண்டு மாதம் நிப்பம். வீடு ஸ்தோவ்னர் எண்ட இடத்தில. மருமகன் வேலைக்குப் போயிடுவார். மனிசிக்குச் சரக்குக்கறி, பிள்ளையைக் குளிப்பாட்டிறது எண்டு அலுவல் இருக்கும். எனக்கு? யன்னலால பாத்துக்கொண்டு இருந்தால் ஒரு கிழமையில விசர் பிடிச்சிடும்.

எனக்குப் பழக்கம் 750 பஸ்தான். கொண்டக்டர் வந்து காசு வாங்குவான், இறங்கிற இடத்தையும் அவனே கத்திச் சொல்லுவான். அங்க கொண்டக்டரும் இல்லை, ஸ்ரேசனில கேற்றும் இல்லையாம். அப்ப ஆர் ரிக்கற் பாக்கிறது? மருமகனைக் கேட்டால் "எல்லாம் போனில இருக்கு மாமா" எண்டுறார். அந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல்.

ஒஸ்லோ மருமகள்:
ஐயா, ஆரும் பாக்கமாட்டினம். அதுதான் ஆபத்தே. பத்து நாள் ஒருத்தரும் கேக்காயினம், பதினோராம் நாள் பரிசோதகர் ஏறுவினம். ரிக்கற் இல்லாட்டி தண்டம் ஆயிரம் குரோனருக்கு மேல. "ஊருக்குப் புதுசு" எண்ட கதை எடுபடாது.

உங்களுக்கு 67 தாண்டீற்றுது, அதால முதியோர் ரிக்கற் எடுக்கலாம், கிட்டத்தட்ட அரைவாசி விலை. வயதைக் காட்டப் பாஸ்போட்டைக் கையில வைச்சிருங்கோ. முப்பது நாள் ரிக்கற் எடுத்தால் ஒவ்வொரு நாளும் கணக்குப் பாக்கத் தேவையில்லை. சும்மா ஒருக்காப் போறதுக்கான ரிக்கற் நகருக்குள்ள ஒரு மணித்தியாலம் செல்லும். அதுக்குள்ள சுரங்க ரயிலில இருந்து பஸ்ஸுக்கு, பஸ்ஸில இருந்து திரிக்குக்கு, எத்தினை தரமும் மாறலாம். திரிக் எண்டால் றோட்டில ஓடுற ட்ராம். எல்லாத்துக்கும் ரூத்தர் எண்ட ஒரே நிறுவனத்தின்ர ரிக்கற்தான். போன் வேண்டாமெண்டால் நார்வேசன் கடையில காட் வாங்கலாம்.

இனிச் சுரங்க ரயில். இஞ்ச அதுக்கு தே-பானே எண்டு பேர், வட்டத்துக்குள்ள நீல T போட்டிருக்கும். 1 தொடக்கம் 5 வரை அஞ்சு லைன். மயூர்ஸ்துவென், தூயென் எண்ட ரெண்டு ஸ்ரேசனுக்கும் இடையில அஞ்சும் ஒரே சுரங்கத்துக்குள்ளாலதான் போகுது. நடுநகரில ஒரே மேடையில நிண்டால் எல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வரும். என்ர மாமா வந்த முதல் கிழமை, கதவு திறந்த உடன, மினிவானுக்கு ஓடுற மாதிரி ஓடி ஏறிப்போட்டார். அது 3ஆம் நம்பர். மனுசன் மூட்டென்ஸ்ரூட்டில, நகரத்தின்ர தெக்கு எல்லையில, போய் இறங்கி எனக்குப் போன் எடுக்கிறார்: "பிள்ளை, இஞ்ச ஒரே பத்தையும் மரமும், இது எந்த ஊர்?" நம்பரை மட்டும் பாக்காமல், பலகையில கடைசி ஸ்ரேசன்ர பேரைப் பாருங்கோ. ஸ்தோவ்னருக்கு வாறதெண்டால் வெஸ்த்லி எண்டு போட்டிருக்கவேணும். வெஸ்த்லிக்கு முந்தின ஸ்ரேசன் உங்கட இடம்.

ஒருத்தரோட ஒருத்தர் சந்திக்கிறதெண்டால், நடுநகரில இருக்கிற பெரிய ரயில் ஸ்ரேசனுக்கு முன்னால ஒரு வெண்கலப் புலி நிக்குது. இஞ்சத்தையான் ஆக்களே "புலியடியில நில்" எண்டுதான் சொல்லுறவை, எங்கட வேலையில்லை அது.

குளிர்க்கோழி:
கார்டமூன் விமான நிலையத்தில இருந்து வரேக்க கவனம். ஃப்ளீதூகெ எண்ட கடுகதி இருவது நிமிசம் மட்டில கொண்டுவந்து விடும், ஆனால் அதுக்கு வேற ரிக்கற், விலையும் கூட. சாதாரண ரயிலில ரூத்தர் ரிக்கற்றே செல்லும். ஆனால் விமான நிலையம் நகர வலயத்துக்கு வெளிய, அதுக்கேத்த வலயங்களையும் சேர்த்து எடுக்கோணும்.

வைகாசி 17 அவையின்ர தேசிய நாள். அண்டைக்கு நடுநகரில திரிக்கும் பஸ்ஸும் பாதை மாறும், சுரங்க ரயிலில போங்கோ.

இன்னொண்டு: பக்கத்து சீற்றில இருக்கிற ஆளை "எந்த இடம்?" எண்டு கேட்டுடாதேங்கோ. பயந்துடுவினம்.

வேலணையான்:
பிள்ளை, தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. கடைசி ஸ்ரேசன் விசயத்தை மட்டையில எழிதி வைச்சிட்டன். கதைக்காமல் இருக்கிறதுதான் கஸ்ரம். படகும் ஓடுதெண்டு கேள்வி, உண்மையோ? நாங்கள் தீவாக்கள்.

ஒஸ்லோ மருமகள்:
அதைச் சொல்ல மறந்திட்டன் ஐயா! நகரசபைக் கட்டிடத்துக்கு முன் துறையில இருந்து தீவுகளுக்குப் படகு போகுது. அதே ரிக்கற்தான், வேற காசு இல்லை. முதல் ஹூவெடெயாவுக்குப் போங்கோ, கொஞ்ச நேர ஓட்டம்தான். 1147இல கட்டின மடாலயம் ஒண்டு இடிஞ்சு கிடக்கு, கல்லில குந்தியிருந்து சாப்பிடலாம். படகு பற்றறியில ஓடுறதால டீசல் மணமும் இல்லை, டடடட எண்ட சத்தமும் இல்லை. எனக்கென்னவோ அது படகு மாதிரியே இல்லை.

வேலணையான்:
சரி, முதல் நாளே அங்கதான். மனிசி கேக்கச் சொன்னா, சத்தி வருமோ?

குளிர்க்கோழி:
ஆடிக் காத்துக்குக் குறிகட்டுவானில ஏறி நயினாதீவில இறங்கினவாவோ? அப்ப நித்திரைதான் வரும்.