பேஜும் இன்ஸ்டாவும் வெளியாள் கையில்: மீட்பது எப்படி, படங்கள் யாருக்குச் சொந்தம்?

நூல்கண்டு கேட்டது:

வணக்கம். ஒரு சிறு தொழிலின் ஃபேஸ்புக் பேஜ், இன்ஸ்டாகிராம் இரண்டையும் ஒப்பந்தத்துக்கு வேலை செய்த ஒருவர் 4 ஆண்டுக்கு முன் தொடங்கிக் கொடுத்தார். இன்ஸ்டா அவருடைய சொந்த ஜிமெயிலிலும் மொபைல் எண்ணிலும் இருக்கிறது. பேஜுக்கு முழு அட்மினும் அவர் மட்டும்தான். எனக்குள்ள அனுமதி பதிவு போடவும் மெசேஜுக்குப் பதில் சொல்லவும்தான்.

போன வாரம் அவருடைய சொந்த ப்ரொஃபைலை விதிமீறல் என்று நிறுத்திவிட்டார்கள். கூடவே இன்ஸ்டாவும் போய்விட்டது. பேஜ் வெளியே தெரிகிறது, ஆனால் யாரையும் அட்மினாகச் சேர்க்க வழியில்லை. விளம்பரக் கணக்கில் தொழிலின் கார்டு இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, இன்வாய்ஸ்கள் மட்டும் உண்டு. கூப்பிட்டால் போனை எடுக்கிறார். ஆனால் "படம் எடுத்தது நான், பேஜை வளர்த்ததும் நான்" என்கிறார்.

மீட்க என்ன வரிசையில் நகர வேண்டும்? படங்களும் ஃபாலோயர்களும் சட்டப்படி யாருடையவை? அவர் தரவில்லையென்றால் காப்புரிமைப் புகார் போடலாமா?

---

பூட்டுச்சாவி பதில்:

கார்டில்தான் தொடங்க வேண்டும். விளம்பரக் கணக்கைப் பார்க்க முடிந்தால் ஓடும் விளம்பரங்களை நிறுத்துங்கள். பார்க்க முடியாவிட்டால் வங்கியிடம் சொல்லி அந்தக் கார்டைத் தடை செய்து புதியது வாங்குங்கள். ஏற்கெனவே நியாயமாகப் போன தொகையைத் திருப்பிக் கேட்டு வங்கியில் தகராறு எழுப்ப வேண்டாம். அப்படிச் செய்தால் விளம்பரக் கணக்கே முடங்கலாம், மீட்க வேண்டியவற்றில் ஒன்று கூடிவிடும்.

அடுத்து, பேஜ் ஏதாவது பிசினஸ் போர்ட்ஃபோலியோவுக்குள் (ஒரு தொழிலின் பேஜ், விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து நிர்வகிக்கும் இடம்) இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயர் பிசினஸ் மேனேஜர். அந்தப் போர்ட்ஃபோலியோவில் முழுக் கட்டுப்பாடு உள்ள இன்னொருவர் இருந்தால் வேலை முடிந்தது. அவர் உள்ளே போய் உங்களைச் சேர்த்துவிடலாம். எப்போதோ விளம்பரம் போட உதவிய கணக்காளரோ பங்குதாரரோ அங்கே மறக்கப்பட்டு இருப்பது உண்டு.

இன்ஸ்டா ஏன் கூடவே போனது? அது அவருடைய அக்கவுண்ட்ஸ் சென்டரில் (ஒருவரின் ஃபேஸ்புக், இன்ஸ்டா கணக்குகளை ஒன்றாக இணைக்கும் இடம்) அவர் ப்ரொஃபைலோடு கட்டப்பட்டிருக்கும். அங்கே ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகலாம். அதனால் சாவி அவருடைய மேல்முறையீட்டில்தான் இருக்கிறது. நிறுத்தப்பட்ட கணக்குக்கு மேல்முறையீடு செய்ய, இரண்டுக்கும் தாய் நிறுவனமான மெட்டா தரும் கெடு 180 நாள். அதைத் தாண்டினால் நிரந்தரம். அவர் இன்னும் போனை எடுக்கிறார் என்பதால் உரிமைச் சண்டையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். வழக்கமாக லாகின் செய்யும் அதே போனிலிருந்தே அவர் விண்ணப்பிக்கட்டும். அடையாள அட்டையின் பெயரும் பிறந்த தேதியும் ப்ரொஃபைலோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாததால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம். இடையில் அவர் புதிதாக இன்னொரு ப்ரொஃபைல் திறக்கவே கூடாது. தடையைச் சுற்றிப் போகும் முயற்சியாக அதை எடுத்துக்கொள்வார்கள்.

கணக்கு திரும்பியதும் அதே அமர்வில் செய்ய வேண்டியவை: பேஜில் உங்களுக்கும் இன்னொருவருக்கும் முழுக் கட்டுப்பாடு. பிறகு இன்ஸ்டாவை அவருடைய அக்கவுண்ட்ஸ் சென்டரிலிருந்து பிரிப்பது. பிறகு மின்னஞ்சல், எண், இரட்டைச் சரிபார்ப்பு, பாஸ்வேர்டு. மின்னஞ்சலை மாற்றினால், "இதை நான் செய்யவில்லை, திருப்பு" என்ற இணைப்போடு பழைய முகவரிக்கு ஒரு மெயில் போகும். அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடியவர் ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடலாம். ஆகவே அவர் பக்கத்தில் இருக்கும்போதே, அவர் சாதனத்திலேயே மாற்றுங்கள். கடைசியாக, லாகின் ஆகியிருக்கும் மற்ற எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள்.

அவர் ஒத்துழைக்காவிட்டால் பாதை குறுகலானது. இன்ஸ்டாவின் வீடியோ செல்ஃபி சரிபார்ப்பு, கணக்கில் உங்கள் முகம் உள்ள படங்கள் இருந்தால்தான் பயன்படும். பொருள்களின் படம் மட்டுமே உள்ள தொழில் கணக்கில், பதிவு செய்தபோது கொடுத்த மின்னஞ்சல், எண், எந்த வகைச் சாதனம் என்று கேட்பார்கள். அதற்கான பதில் அவரிடம்தான். பேஜுக்கு அட்மின் தகராறு என்று தனி விண்ணப்பம் உண்டு. உங்கள் அடையாள அட்டை, தொழில் உங்களுடையது என்பதற்கான பதிவுச் சான்று, பேஜோடும் இப்போதைய அட்மினோடும் உங்களுக்கு என்ன உறவு என்று விளக்கிக் கையெழுத்திட்ட அறிக்கை ஆகியவை கேட்கப்படும். சான்றில் உள்ள தொழில் பெயரும் பேஜ் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். வேறாக இருந்தால் இரண்டையும் இணைக்கும் வரிச் சான்றோ பில்லோ சேருங்கள். ஒருவரே ஒரே விண்ணப்பமாக அனுப்புங்கள்.

நிறுவனம் பதிலே சொல்லாவிட்டால் நாட்டுச் சட்டம் ஓரளவு கைகொடுக்கும். இந்தியாவில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அதிகாரி 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு 7 நாளில் தீர்க்க வேண்டும் (2026 திருத்தத்துக்கு முன் இது 15 நாள்). திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் குறைந்தது 6 மாதம் உள் முறையீட்டுக்கு இடம் தருகிறது. நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வு தரும் அமைப்புகளும் அங்கே உண்டு.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: "நான் மீட்டுத் தருகிறேன்" என்று இன்பாக்ஸில் வருபவர்களுக்கு ஓடிபியோ பேக்கப் கோடோ கொடுத்துவிடாதீர்கள். கணக்கு போன மனக்கலக்கத்தில் இருப்பவர்களையே தேடிப்பிடித்து ஏமாற்றுகிறார்கள்.

---

உரிமைத்தாள் பதில்:

"கணக்கு யாருடையது" என்பதில் நான்கு வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்தால்தான் பேச முடியும்.

கணக்கு என்பது தளம் தரும் பயன்பாட்டு அனுமதி. பூட்டும் உரிமையை விதிமுறைகளில் அவர்கள் தங்களிடமே வைத்திருக்கிறார்கள். உள்ளடக்கம் அப்படியல்ல. பதிவேற்றியதால் அது மெட்டாவுடையது ஆகிவிடாது. உலகளாவிய, கட்டணமற்ற, மற்றவருக்கும் கைமாற்றத்தக்க ஒரு உரிமத்தை மட்டும் அவர்களுக்குக் கொடுக்கிறீர்கள், அதுவும் அவர்களுக்கு மட்டுமேயான உரிமம் அல்ல. ஃபாலோயர்கள் யாருடைய சொத்தும் அல்ல. அவர்களைச் சென்றடையும் வாய்ப்புக்குத்தான் மதிப்பு, அந்த வாய்ப்பு கணக்கைக் கட்டுப்படுத்துபவரிடம் இருக்கும். நான்காவது, தொழிலின் பெயரும் லோகோவும். வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருந்தால் உங்கள் கையில் உள்ள வலுவான ஆயுதம் அதுதான். ஆனால் வணிகச் சின்ன மீறல் என்று புகார் செய்தால் கணக்கு முடக்கப்படலாம். முடக்கியதை உங்களிடம் ஒப்படைப்பார்கள் என்று எண்ண வேண்டாம்.

இனி படங்கள். அவர் சொல்வதை வெறும் அடாவடி என்று ஒதுக்க முடியாது. பொது விதி: சம்பள ஊழியர் தன் வேலையின் பகுதியாக உருவாக்கியது முதலாளியுடையது; வெளி ஒப்பந்தக்காரர் உருவாக்கியது, எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை அவருடையது. பிரிட்டனின் 1988 சட்டமும் அமெரிக்காவின் 1976 சட்டமும் இந்த வழியில்தான் போகின்றன. பணம் கொடுத்தோம் என்பதால் காப்புரிமை வந்துவிடாது, பயன்படுத்தும் அனுமதி மட்டும் வந்ததாகக் கொள்ளப்படும்.

இந்தியாவின் 1957 சட்டம் இங்கே சற்று வேறு. 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட ஒளிப்படத்துக்கும் திரைப்பதிவுக்கும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். அதனால் உங்கள் இன்வாய்ஸில் "படப்பிடிப்பு" என்று தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். "மாதாந்திர சமூக ஊடகப் பராமரிப்பு" என்று மட்டும் இருந்தால் வாதம் பலவீனமாகும். அவர் எழுதிய வாசகங்களும் வடிவமைத்த போஸ்டர்களும் இந்த விலக்குக்குள் எளிதில் வராது.

ஆகவே சண்டையைவிட ஒரு உரிமை மாற்று ஆவணம் மலிவு. படைப்புகளின் பட்டியல், தொகை, காலம், எந்த நாடுகள், மூலக் கோப்புகளை ஒப்படைப்பது, இருவர் கையெழுத்து. காலத்தையும் நாட்டையும் வெளிப்படையாக எழுதுங்கள். இந்தியச் சட்டத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, நிலப்பரப்பு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றே எடுத்துக்கொள்ளப்படும். அவருடைய வேலை மாதிரிகளில் இந்தப் படங்களைக் காட்டிக்கொள்ள அனுமதியும் கொடுங்கள். பல ஒப்பந்தக்காரர்களுக்கு உண்மையில் வேண்டியது அதுதான். கொடுப்பதால் உங்களுக்கு இழப்பில்லை.

"வளர்த்தது நான்" என்ற வாதத்துக்கு நீதிமன்றங்கள் ஒரே பதில் சொல்லவில்லை. 2015இல் டெக்சாஸ் திவால் நீதிமன்றம் சிடிஎல்ஐ என்ற கடை நிறுவனத்தின் வழக்கில், கடையின் பெயரில் நடத்திய ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகள் முன்னாள் உரிமையாளருடையவை அல்ல, தொழிலின் சொத்து என்றது. ஒரு உடை நிறுவனமும் அதன் வடிவமைப்பாளரும் மோதிய ஜேஎல்எம் கூட்டூர் வழக்கில் 2024 ஜனவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், மற்ற சொத்துக்குப் பார்ப்பது போலவே முதலில் கணக்கு தொடங்கியபோது அது யாருக்கு உரியதாக இருந்தது என்பதிலிருந்து பார்க்கச் சொன்னது. பின்னாளில் யார் பதிவு போட்டார்கள் என்பது மட்டும் தீர்மானிக்காது. உங்கள் விஷயத்தில் கணக்கு தொழிலின் பெயரில், தொழிலுக்காக, உங்கள் பணத்தில் தொடங்கியது. அன்றைய மெயில், வாட்ஸாப் உரையாடல், முதல் இன்வாய்ஸ் மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள்.

காப்புரிமைப் புகார் இப்போது போடாதீர்கள். நீக்கப்படும் ஒவ்வொரு படமும் நீங்கள் மீட்க நினைக்கும் அதே கணக்கின் மீது மீறலாகப் பதியும். அவர் எதிர் அறிவிப்பு கொடுத்தால், அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற இணையக் காப்புரிமைச் சட்ட நடைமுறையில் நீங்கள் வழக்குத் தொடராவிட்டால் 10 முதல் 14 வேலை நாளில் படம் திரும்பி வந்துவிடும். நீங்கள் உரிமையாளர் அல்ல என்று தீர்ந்தால் பொய்ப் புகார் கொடுத்தவர் என்ற குற்றச்சாட்டும் வரலாம்.

---

நூல்கண்டு:

இருவருக்கும் நன்றி. கார்டைத் தடை செய்துவிட்டேன். நாளை மேல்முறையீடு செய்ய அவர் சம்மதித்திருக்கிறார். கணக்கு திறந்தால் தரவிறக்கம் எப்படி எடுப்பது? பேஜில் உள்ள படங்களே போதுமா?

---

கோப்புக்கட்டு பதில்:

போதாது. இன்ஸ்டா படங்களைப் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியே வைத்திருக்கும். திரைக்குச் சரி, அச்சுக்கு ஆகாது. அவரிடமிருந்து மூலப் படங்கள், எடிட்டிங் ப்ராஜெக்ட் கோப்புகள், லோகோவின் வெக்டர் கோப்பு (எவ்வளவு பெரிதாக்கினாலும் தரம் குறையாதது) மூன்றையும் ஹார்டு டிஸ்கில் வாங்குங்கள். மெசேஜில் அனுப்பச் சொன்னால் மறுபடி சுருங்கித்தான் வரும்.

கணக்கின் அமைப்புகளில் உங்கள் தகவலைத் தரவிறக்கும் இடத்தில் காலம் முழுவதும், உயர்தர மீடியா என்று தேர்ந்தெடுங்கள். முன்னிருப்பாகக் குறுகிய காலமும் நடுத்தரமும் இருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். தயாரான இணைப்பு சில நாளில் காலாவதியாகும், வந்தவுடன் எடுங்கள்.

வடிவத்தில் எச்டிஎம்எல் (உலாவியில் திறந்து படிக்கலாம்), ஜேசான் (நிரல்கள் படிப்பதற்கானது) என்று இரண்டு இருக்கும். தமிழில் பதிவு போட்டவர்கள் எச்டிஎம்எல்லை விடக் கூடாது. ஜேசானில் யுடிஎஃப்-8 பைட்டுகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் துண்டுகளை) தனித்தனி லத்தீன் எழுத்துகளாக எழுதிவிடுவதால், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று குப்பை எழுத்தாக வரும். தரவு அழியவில்லை. ஒவ்வொரு சரத்தையும் (உரைத் துண்டையும்) லத்தீன்-1 ஆகப் பைட்டாக்கி, யுடிஎஃப்-8 ஆகத் திரும்பப் படித்தால் தமிழ் வந்துவிடும். பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி. முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றாமல், ஜேசானைப் படித்த பிறகு உள்ளே உள்ள சரங்களை மட்டும் மாற்றுங்கள்.

மற்றவர்கள் எழுதிய கருத்துகளை இந்தத் தொகுப்பில் எதிர்பார்க்காதீர்கள். முக்கியமான விமர்சனங்களைத் திரைப்பிடிப்பாக எடுங்கள். வாடிக்கையாளர் டேக் செய்த படமும் அவருடையதே. மறுபதிவுக்கு எழுத்தில் ஒரு "சரி" வாங்காமல் உங்கள் தளத்தில் போடக் கூடாது. ரீல்ஸில் உள்ள பாட்டுக்கும் இதே கதிதான்: தளத்துக்குள் கிடைத்த இசை உரிமம் வெளியே செல்லாது, பாட்டை நீக்கிய மூல வீடியோவைக் கேளுங்கள். ஃபாண்ட், ஸ்டாக் படங்கள் அவர் பெயரில் வாங்கியிருந்தால் அந்த உரிமம் உங்களுக்கு மாறுமா என்பதையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

---

பூட்டுச்சாவி பதில்:

திரும்பக் கிடைத்ததும் போர்ட்ஃபோலியோவைத் தொழிலின் பெயரில் நீங்களே திறந்து, பேஜ், இன்ஸ்டா, விளம்பரக் கணக்கு, மெட்டா பிக்சல் (விளம்பரத்துக்காக உங்கள் இணையதளத்தில் வைக்கும் கண்காணிப்புக் குறியீடு) எல்லாவற்றையும் அதன் கீழ் கொண்டுவாருங்கள். இனி வெளியாள் யார் வந்தாலும், உங்கள் போர்ட்ஃபோலியோவிலிருந்து தரும் பார்ட்னர் அனுமதிதான், பாஸ்வேர்டு இல்லை. விளம்பரக் கணக்கை ஏஜென்சியின் போர்ட்ஃபோலியோவில் திறக்க விடாதீர்கள். பிறகு அதைப் பிரித்து எடுப்பது பெரும் பாடு, ஆடியன்ஸ் பட்டியலும் செலவு வரலாறும் அங்கேயே நின்றுவிடும்.

முழுக் கட்டுப்பாடு இருவரிடம் இருக்கட்டும், இருவரும் நிஜமான, தொடர்ந்து பயன்படுத்தும் ப்ரொஃபைல்களோடு. தொழிலுக்கென்று போலி ப்ரொஃபைல் திறந்து அதை அட்மின் ஆக்கினால், அது பிடிபடும் நாளில் பேஜ் மறுபடி ஆளின்றி நிற்கும். ஓடிபியை எஸ்எம்எஸ்ஸுக்கு விடாமல் ஆதென்டிகேட்டர் செயலியில் வையுங்கள். பேக்கப் கோடுகளை அச்சடித்துப் பூட்டி வையுங்கள்.

யூடியூப் சேனல் இருந்தால் அதையும் பாருங்கள். பிராண்ட் அக்கவுண்டாக இருந்தால், புதிதாகச் சேர்த்த உரிமையாளரை முதன்மை உரிமையாளராக மாற்ற 7 நாள் காத்திருக்க வேண்டும். வாட்ஸாப் பிசினஸ் எண் யார் பெயரில் உள்ள சிம் என்பதையும் கவனியுங்கள். பழைய ஆள் போட்ட இரட்டைச் சரிபார்ப்புப் பின் தெரியாவிட்டால் அங்கேயும் 7 நாள் காத்திருப்புதான்.

மீட்பு மின்னஞ்சலை உங்கள் சொந்த டொமைனில் வைத்தால், அந்த டொமைன் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா, தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுகிறதா, அதற்கான கார்டு இன்னும் செல்லுகிறதா என்று பாருங்கள். நேற்று தடை செய்த கார்டே அங்கேயும் இருந்தால் இன்றே மாற்றுங்கள். டொமைன் காலாவதியாகி வேறொருவர் வாங்கிவிட்டால், உங்கள் எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டு மாற்றும் மெயில்களும் அவர் பெட்டிக்குத்தான் போகும்.