ரோளாவில் சாப்பிட்ட நிஹாரி நாகர்கோவில் பக்கம் எங்கேயாவது கிடைக்குமா?

திங்கள்சந்தை ஏசிக்காரன்:
ஷார்ஜா ரோளா பக்கம் ஒன்பது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு இந்தச் சித்திரையில்தான் ஊரோடு வந்து சேர்ந்தேன். என் ரூமுக்குக் கீழே ஒரு ஹோட்டல். போர்டில் 'பாகிஸ்தானி, இந்தியன்' என்று இரண்டும் இருக்கும். தந்தூரில் நிற்பவர் பெஷாவர்காரர், கல்லாவில் மலப்புரத்துக்காரர். மெனுவில் மசாலா தோசைகூட உண்டு, யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

உட்கார்ந்ததுமே வெங்காயம், வெள்ளரிக்காய், எலுமிச்சைத் துண்டு, பச்சைமிளகாய் எல்லாம் ஒரு தட்டில் வந்துவிடும், அதற்குக் காசு கிடையாது. கடாயிக் கறி கேட்டால் அரைக் கிலோவா, ஒரு கிலோவா என்பார்கள். சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏறும், முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை லீவு அன்று நான் போவது நிஹாரிக்கு, மணிக்கணக்கில் சின்னத் தீயில் வெந்த கறிக்குழம்பு அது. மேலே சிவப்பாய் எண்ணெய் மிதக்கும், அதில் ஊசி மாதிரி நறுக்கிய இஞ்சி கிடக்கும். ரொட்டியின் ஓரத்தால் தொட்டாலே கறி பிரிந்து வந்துவிடும்.

போன வாரம் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு ஹோட்டலுக்குப் போனேன். வாசலிலேயே தந்தூர் அடுப்பு படம். ரொட்டி கேட்டால், "அடுப்பு சாயங்காலம்தான் சார் பத்த வைப்போம்" என்றார்கள். நிஹாரி என்ற பேரே அவர்களுக்குத் தெரியவில்லை. அதுக்குப் பதிலாக வந்த மட்டன் கறியில் முந்திரி விழுதுதான் பாதி, பாயசத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு இனிப்பு. "இதுக்குத்தான் ஒம்பது வருசமா போன்ல பெருமை அடிச்சியளா?" என்று கேட்டுவிட்டாள்.

மத்தியானத்தில் ரொட்டி போடும் கடை ஏதாவது தெரியுமா? இல்லை, வீட்டிலேயே செய்ய வழி உண்டா?

மார்த்தாண்டம் பஸ்ஸ்டாண்ட்:
மத்தியானம் தேடாதீங்க அண்ணே. தந்தூருக்குக் கரி போட்டுச் சுவர் காயவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் நம்ம ஆட்கள் கேட்பது சோறும் மீன்குழம்பும். ரெண்டு ரொட்டிக்காக எவன் கரி எரிப்பான்? நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-ல், வயிறு இன்னும் திருவிதாங்கூரில்தான் கிடக்கு. பேசாமல் புரோட்டாவும் பீஃபும் சாப்பிடுங்க.

தேங்காப்பட்டணம் காக்கா:
தம்பி, துபாய் தேராவில் நாலு வருஷம் இந்த மாதிரி ஹோட்டலில் கிச்சன் ஹெல்ப்பராக நின்றவன் நான். நிஹாரி டெல்லிக்காரர் சாப்பாடு. 1947-ல் அங்கிருந்து போனவர்களோடு கராச்சிக்குப் போய் அங்கே பெரிய பேர் வாங்கியது. நஹார் என்றால் அரபியில் பகல். ராத்திரி முழுக்க அடுப்பில் கிடந்து காலையில் இறங்கும்.

மசாலாவுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். சுக்கு, திப்பிலி, பெருஞ்சீரகம், ஜாதிபத்திரி, ஏலம், கிராம்பு எல்லாம் கோட்டாறு கடைகளில் கிடைக்கும். பிரசவ மருந்துக்கா என்று கடைக்காரர் கேட்பார், ஆமாம் என்று சொல்லிவிடுங்க. ஒரு கிலோ மாட்டுக் கால்கறி, நல்லி எலும்போடு வாங்குங்க. கறியை வதக்கி, பொடி போட்டு, தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் ஐந்தாறு மணி நேரம். கடைசியில் நாலு கரண்டி கோதுமை மாவை வெறும் சட்டியில் வறுத்து, தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறணும். மொத்தமாக ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும். தேங்காய், கறிவேப்பிலை பக்கம் கை போகக் கூடாது. போனால் அது நம்ம வீட்டுக் கறி.

ரொட்டிக்கு இரும்பு தோசைக்கல் போதும். தேய்த்த மாவின் ஒரு பக்கம் தண்ணீர் தடவி, அந்தப் பக்கத்தைச் சூடான கல்லில் ஒட்டுங்க. மேலே குமிழி வந்ததும் கல்லை அப்படியே தீயின் மேல் கவிழ்த்துப் பிடிக்கணும். நான்ஸ்டிக்கில் ஒட்டாது.

கருங்கல் மைனி:
எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி ஆகாது. ஆட்டுக்கால் கறியில் செய்யலாமா காக்கா?

தேங்காப்பட்டணம் காக்கா:
தாராளமா செய்யலாம் மைனி. மூணு மணி நேரம் போதும்.

திங்கள்சந்தை ஏசிக்காரன்:
சனிக்கிழமை ராத்திரி செய்தாச்சு காக்கா. முதல் ரொட்டி நேராக அடுப்புக்குள் விழுந்தது, பர்னரைத் துடைக்கவே கால் மணி நேரம். மூணாவதில் கை பிடிபட்டது. கறிக்கு மாவு கொஞ்சம் கூடிப்போய்விட்டது, ஆனால் மணம் அதே ரோளா மணம்.

வீட்டுக்காரி ஒரு வாய் வைத்துவிட்டு "கொள்ளாம்" என்றாள். அப்புறம் ரொட்டியைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே போய், மத்தியானம் அவித்த மரச்சீனிக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நானும் ரெண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.